இரண்டு விரல் மைனர்

பல்லக்காவின் வேலை பல் செய்வது. பிடுங்குவது வேறு ஆட்கள். பிடுங்கிய பிறகு வைத்தியர்கள் அளவெடுத்து அனுப்ப, அந்த வாய்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றில் அவள் வெகுகாலமாக இருக்கிறாள். மருந்துக்கடைக்கு மேல் மாடி, ஜன்னலோரம் அவள் மேஜை. அதன்மேல் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாகக் கிடக்கும். புதிதாகச் சேர்பவர்கள் முதல் நாள் அவற்றைப் பார்த்துக் கொஞ்சம் மிரள்வார்கள். ஒரு வாரம் போனால் அவற்றின் தலையிலேயே டீ கிளாஸை வைத்துவிட்டு அரட்டை அடிப்பார்கள்.

ரோஜா நிற மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, விளக்கில் சூடாக்கிய சிறு கத்தியால் ஈறு செதுக்குவது அவள் பங்கு. வேலையில் சுத்தம். அதைவிடப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டறைக்காரர்கள் அவளைப் ‘பல்லக்கா’ என்று கூப்பிடத் தொடங்கி, அந்தப் பெயர் வீடுவரை வந்துவிட்டது. பல்லக்கு என்று பெயரை வைத்துக்கொண்டு தினமும் என் வேனில்தானே ஏறிப் போகிறாய் என்று அவள் கணவர் கேட்பார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் மனைவியைப் பட்டறை வாசலில் இறக்கிவிடுவார்.

எப்போதோ ஒருநாள் பட்டறையின் பாலிஷ் மோட்டாரில் அவளுடைய இடது கை சிக்கியது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, விரல்களும் போகவில்லை. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் அன்றிலிருந்து மடங்குவதில்லை. சாப்பிடுவதும் கத்தி பிடிப்பதும் வலது கை என்பதால் அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த இரண்டு விரல்களும் எந்நேரமும் விறைத்துக்கொண்டு நிற்பதால், அவள் யாருக்கோ வழி காட்டுகிறாள் என்று நினைத்து ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கைக்குக் கிட்டார் வந்து சேர்ந்தது விதியின் குறும்பு என்று சொல்லலாம். விதியை நம்பாதவர்கள் அவள் கணவரின் சபலம் என்று சொல்லலாம். நண்பர் ஒருவர் வீடு காலி செய்தபோது, தூக்கி எறிய வைத்திருந்த சாமான்களில் கிட்டார் ஒன்று கிடந்தது. சும்மா வருகிறதே என்று வேனில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அலமாரி மேல் தூசி படிந்து கிடந்ததை ஒருநாள் துடைக்க எடுத்தவள், மிச்சமிருந்த ஒரே கம்பியைத் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள். அந்த வார இறுதியில் அதைத் தூக்கிக்கொண்டு இசைக்கருவி பழுது பார்க்கும் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் புதுக் கம்பிகள் கட்டிக்கொண்டே அவள் கையைக் கவனித்தார்.

“ரெண்டு விரலும் மடங்காதா?”

“மடங்காது.”

“அப்ப கிட்டாரை மடக்கிடுவோம்,” என்று சொல்லிவிட்டு மூன்று கம்பிகளைத் தளர்த்தினார்.

அவர் செய்ததற்கு ஓப்பன் ட்யூனிங் என்று பெயர். வழக்கமான கிட்டாரில் நான்கு விரல்களை நான்கு இடங்களில் மடக்கி அழுத்தினால்தான் பல சுரங்கள் சேர்ந்து ஒரு கார்டாக ஒலிக்கும். ஓப்பன் ட்யூனிங்கில் கம்பிகளை முன்கூட்டியே ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சுருதி சேர்த்துவிடுகிறார்கள். எதையும் அழுத்தாமல் சும்மா ஒரு வீச்சு வீசினாலே முழு கார்ட் கேட்கும். சுருதியை ஏற்ற வேண்டுமா? ஒரே விரலை ஆறு கம்பிகள் மேலும் குறுக்கே பட்டையாகப் படுக்க வைத்து, மேலும் கீழும் நகர்த்தினால் போதும். பல்லக்காவின் ஆட்காட்டி விரல் அந்த வேலைக்கென்றே பிறந்தது போல நீண்டிருந்தது.

வாங்கி வந்த அன்றே அவள் ஒரு பாட்டுக்குப் பின்னணி வாசித்துவிட்டாள். தலைகால் புரியவில்லை. கணவர் காபியை ஆற வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்தப் பாட்டை வாசித்தாலும் பள்ளிக்கூடம் விட்ட நேரம் மாதிரி இருக்கிறதே என்றார்.

அவர் சொன்னது உண்மை. கார்ட்களில் சந்தோஷமானதை மேஜர் என்கிறார்கள், மனதைப் பிசைவதை மைனர் என்கிறார்கள். ஓப்பன் ட்யூனிங் செய்த கிட்டாருக்கு மேஜர் கைவந்த கலை. எங்கே விரலைப் படுக்க வைத்தாலும் அது சிரிக்கும். மைனர் வேண்டுமென்றால் நடுவே இருக்கிற ஒரு கம்பி மட்டும், கழுத்தில் உலோகக் கோடுகள் பிரித்திருக்கும் கட்டங்களில் ஒன்று பின்வாங்க வேண்டும். நேராகப் படுத்திருக்கும் ஒற்றை விரலுக்கு அப்படி நெளியத் தெரியாது. மற்ற விரல்களால் அதைச் சமாளிப்பார்கள். பல்லக்காவுக்கு அந்த மற்ற விரல்கள்தான் இல்லை.

இதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை. குட்டியின் பாட்டு வரும்வரை.

குட்டி என்பது அவள் நாத்தனார், கணவரின் தங்கை. நாற்பதைத் தாண்டி, மகனை வேலைக்கு அனுப்பிய பிறகும் அண்ணனுக்கு அவள் குட்டிதான். அதே கட்டடத்தில் இரண்டு மாடிகள் மேலே குடியிருந்தாள். அண்ணியும் நாத்தனாரும் ஒருத்தி வீட்டுப் பாத்திரத்தை இன்னொருத்தி வீட்டில் தேடும் அளவுக்கு ஒட்டுதல். கணவன்மார் இருவரும் தங்களுக்குள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பேசுவதற்கு மனைவிமார் இடம் விட்டால்தானே.

குட்டியின் கணவர் லிப்ட் மெக்கானிக். தான் குடியிருந்த கட்டடத்தின் லிப்ட்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். வேலை செய்யும்போது விசிலடிப்பார். எப்போதும் ஒரே மெட்டு, அவருடைய சொந்த மெட்டு. தொடக்கத்தில் நிதானமாக இறங்கி வரும், கேட்கிறவர்களுக்கு நெஞ்சில் ஏதோ கனக்கும். நடுவில் திடீரென்று வெயில் அடித்தாற்போல் ஏறும். பிறகு மறுபடியும் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். லிப்ட் குழாய்க்குள் அது முழங்குவதால், அவர் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருக்கிறார் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். ஒரு காலையில் மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

சில வாரங்கள் கழித்து, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பொது அறையில் ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். குட்டி அந்த விசில் மெட்டுக்கு நாலு வரி எழுதியிருந்தாள். அண்ணி கிட்டார் வாசிக்க, தான் பாடுவதென்று ஏற்பாடு. ஒத்திகை பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒருமுறை முணுமுணுத்துக் காட்டினாள், அத்துடன் சரி. மெட்டு எந்தச் சுரத்தில் வந்து நிற்கிறது என்று பல்லக்கா பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் விரலைப் படுக்க வைத்தால் ஆயிற்று என்று நினைத்தாள். தப்பு அங்கேதான் நடந்தது. சுரம் சரி, முகம் வேறு. மைனரில் அழ வேண்டிய பாட்டுக்கு அவள் மேஜரைப் போட்டுக் காத்திருந்தாள்.

பாட ஆரம்பித்ததும் குட்டியின் குரல் தடுமாறியது. பாடுகிறவர்களின் தொண்டை பக்கத்தில் ஒலிக்கும் கருவியின் பின்னால் போய்விடும், அது இயல்பு. இறங்கி வர வேண்டிய முதல் வரி துள்ளியது. இரண்டாவது வரி ஊஞ்சலாடியது. முன்வரிசையில் மடியில் இருந்த குழந்தை தாளம் போட்டுக் கைதட்டியது. லிப்ட் கம்பெனி ஆட்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொள்ள, அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பக்கத்து நாற்காலிக்காரர் முதுகைத் தடவிக் கொடுத்தார். அவர் அழவில்லை. அதற்குள் சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவிவிட்டது. குட்டி வாயைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு வெளியே ஓடினாள்.

அதிலிருந்து அவள் பல்லக்காவிடம் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. அவள் சண்டை போடவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் கைப்பைக்குள் எதையோ தேடினாள். அண்ணி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து மறைந்து, அண்ணனிடம் “உன் வீட்ல சொல்லிடு” என்று ஆகிவிட்டது. உன் வீட்ல குக்கர் மூடி இருக்கு, உன் வீட்ல தண்ணி வரலையாம். மாதங்கள் போயின. பல்லக்கா நாலைந்து முறை மேலே போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் குட்டிக்குத் தலைவலி.

பிறகு ஒருநாள் கணவர் வேன் சாவியைக் கையில் சுழற்றியபடி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குட்டி வீட்டைக் காலி செய்கிறாளாம். மகன் தான் வேலை பார்க்கும் ஊருக்குக் கூப்பிட்டிருக்கிறான், அவனோடு போய் இருக்கப்போகிறாள். மாதக் கடைசி ஞாயிறு லாரி வருகிறது.

பல்லக்கா அன்று மெழுகில் கடைவாய்ப்பல்லை முன்னாலும் முன்பல்லைக் கடைசியிலும் நட்டாள். பக்கத்து மேஜைக்காரர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பிடுங்கினாள்.

ஊர் மாறிவிட்டால் இந்த மௌனம் அப்படியே காய்ந்து கெட்டியாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாயிற்று, கதவு திறக்கவில்லை. அந்தப் பாட்டை ஒருமுறையாவது பாட்டாக வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. அது சரியான யோசனையா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கணவரிடம் மட்டும் தனக்கு ஒரு மைனர் வேண்டும் என்றாள்.

“எனக்குத் தெரிஞ்ச மைனர் எல்லாம் வேலைக்குப் போகாம ஊர் சுத்துறவனுங்கதான்,” என்றார் அவர்.

முதலில் அந்த வம்பு பிடித்த நடுக்கம்பியைத் தொடாமல் விட்டுப் பார்த்தாள். சிரிப்பு போயிற்று, அழுகையும் வரவில்லை. கியூவில் நிற்கிறவனின் முகம் மாதிரி ஒரு ஓசை. அடுத்து, மடங்காத விரல்களை மற்றொரு கையால் மடக்கி வைத்துப் பார்த்தாள். கிட்டாரை வாசிக்க மூன்றாவது கை ஒன்று தேவைப்பட்டது. கடைக்காரரிடம் போய் நின்றாள். அந்த ஒரு கம்பியை அரைச் சுரம் இறக்கிவிட்டால் கிட்டார் மொத்தமும் மைனராகிவிடும், சந்தோஷம் தேவைப்படும் இடத்தில் நடுவிரலால் அந்தக் கம்பியை ஒரு கட்டம் முன்னால் அழுத்தினால் போதும் என்றார் அவர். வழி சரியானதுதான். ஆனால் பல்லக்கா நடுவிரலைத் தனியே நீட்டியபோதெல்லாம், அதோடு பிறந்த அந்த இரண்டும் விறைத்துக் கிளம்பி, படுத்திருந்த ஆட்காட்டி விரலையும் தூக்கிவிட்டன. பாட்டின் நடுவில் வெயில் அடிக்க வேண்டிய இடத்தில் கரகரவென்று எதையோ அறுக்கிற மாதிரி கேட்டது. கணவர் அடுத்த அறையிலிருந்து, அடுப்பில் ஏதாவது தீய்கிறதா என்று கேட்டார்.

சனிக்கிழமை பிற்பகல் அவள் கம்பியைப் பழையபடி ஏற்றிவிட்டு, கார்ட் என்ற பேச்சையே விட்டுவிட்டாள். மேலே பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம் ஜன்னல் வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. வெறும் மெட்டையாவது ஒற்றைக் கம்பியில் தட்டிக் காட்டலாம் என்று முதல் சுரத்தைத் தேடினாள். கடைசியில் இருக்கும் மெல்லிய கம்பியில், இரண்டாவது கட்டத்தில் அது இருந்தது. நூல் மாதிரி ஒலித்தது. கொஞ்சம் தடிமனாகக் கேட்டால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். அந்த மெல்லிய கம்பியும் உள்ளே இருக்கும் நான்காவது கம்பியும் ஒரே சுரம், உயரம்தான் வேறு என்பது அவளுக்குப் பழக்கம். ஆகவே அதே கட்டத்தில் அதையும் இன்னொரு விரலால் அழுத்திக்கொண்டாள். ஆட்காட்டி விரல் ஒன்றில், நடுவிரல் ஒன்றில். தட்டப் போன வலது கை பழக்க தோஷத்தில் மற்ற கம்பிகளையும் சேர்த்து வருடிவிட்டது.

அறை இருண்ட மாதிரி இருந்தது.

அவள் விரல்களை எடுக்கவில்லை, எடுத்தால் ஓடிவிடுமோ என்று பயம். மறுபடியும் வருடினாள். மைனர். சந்தேகமில்லை. விரல்களைத் தூக்கி வருடினாள், பழைய சிரிப்பு. வைத்தாள், மைனர்.

கிட்டார் படித்தவர்களுக்கு இது அரிச்சுவடி. பல்லக்கா எதையும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனாலும் அவள் நெடுநேரம் அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோகம் வேண்டுமென்றால் எதையாவது இறக்க வேண்டும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். இங்கே எதுவும் இறங்கவில்லை. இரண்டு கம்பிகள் ஒரு படி ஏறியிருந்தன. மற்றவை இருந்த இடத்திலேயே, சற்றுமுன் சிரித்துக்கொண்டிருந்த அதே சுரங்களாகவே இருந்தன. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் மாறியதும் அவற்றின் பேச்சே மாறிவிட்டது. மனிதர்களுக்கும் இது பொருந்துமா என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. பாட்டின் நடுப்பகுதிக்கு விரல்களைத் தூக்கினால் போதும் என்று அவள் பார்த்துவிட்டாள்.

ஞாயிறு காலை கிட்டாரை எடுத்துக்கொண்டு படியேறினாள். குட்டியின் வீட்டுக் கதவு, சாமான் இறக்குவதற்காகத் திறந்தே இருந்தது. சுவர்களில் படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். குட்டி டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அண்ணியையும் கிட்டாரையும் பார்த்ததும் பக்கத்திலிருந்த பெட்டியிடம் சொன்னாள்:

“லாரி வர்ற நேரம் இது.”

பல்லக்கா ‘பாத்திரம்’ என்று எழுதிய பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, இரண்டு விரல்களையும் வைத்து வாசித்தாள். வாய்க்குள் விசிலடிக்கிற மாதிரி மெட்டையும் மெல்ல முணுமுணுத்தாள். முதல் வரி இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்கியது. நடுவில் விரல்களைத் தூக்கினாள், வெயில் வந்தது. மறுபடி வைத்தாள்.

குட்டி வாயிலிருந்து டேப்பை எடுத்தாள்.

“அன்னைக்கு இது வரலியே.”

“அன்னைக்கு எனக்குத் தெரியல. தெரியாமத்தான் வாசிச்சுட்டேன், குட்டி. உன் பாட்டைச் சந்தி சிரிக்க வெச்சுட்டேன்.”

குட்டி ஒரு பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் டேப்பின் முனையை நகத்தால் தேடினாள்.

“நான் உங்க மேல கோவமா இருக்கேன்னா நெனச்சீங்க, அண்ணி?”

“பின்ன என்னன்னு நெனைக்கிறது?”

“அன்னைக்கு அங்க மொதல்ல சிரிச்சது நான்தான். அந்தக் கொழந்தை கை தட்டறதுக்கு முன்னாடியே எனக்கு வந்துடுச்சு. வெளிய ஓடிப் போயி படிக்கட்டுல நின்னு சிரிச்சேன். வயிறு வலிக்கிற வரைக்கும் சிரிச்சேன். அவர் போயி முழுசா ரெண்டு மாசம் ஆகல. என்ன பொம்பள நான்னு...” அவள் நிறுத்தினாள். “உங்க மூஞ்சியப் பார்த்தா மறுபடியும் வந்துடும்னு பயம். அதான் பாக்கல.”

பல்லக்கா எத்தனையோ பதில்களைத் தயார் செய்துகொண்டு படியேறியிருந்தாள். கடைசியில் உண்மையைச் சொன்னாள்.

“எனக்குந்தான் வந்துச்சு. வாசிக்கிறவளே சிரிச்சா அடிக்க வந்துடுவாங்கன்னு உதட்டைக் கடிச்சுக்கிட்டேன்.”

“நீங்க உதட்டைக் கடிச்சுக்கிட்டு அழுதீங்கன்னு எங்கண்ணன் சொன்னானே.”

“உங்கண்ணனுக்கு என்ன தெரியும்?”

அந்தக் கேள்வியில் இருவருக்கும் வெகுநாளாகவே கருத்து வேறுபாடு கிடையாது. குட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசிங்க, பாடுகிறேன் என்றாள்.

பாட வரவில்லை. சுருதி பாதாளத்தில் இருந்தது. தொடக்கத்தைப் பிடித்தாலும் வரி இறங்கும்போது குரல் வெறும் காற்றாகிவிட்டது. பல்லக்காவுக்கோ இருப்பது ஒரே மைனர், அதை எங்கும் நகர்த்த முடியாது. நகர்த்த வேண்டுமென்றால் ஆறு கம்பிகளையும் மேலே ஓரிடத்தில் இறுக்கிக் கட்டி, கிட்டாரின் கழுத்தையே குட்டையாக்க வேண்டும். அதற்கென்று கடையில் கிளிப் விற்கிறார்கள், இங்கே ஏது என்று கையை விரித்தாள்.

குட்டி கிட்டாரின் கழுத்தை உற்றுப் பார்த்தாள். எழுந்து போய், வாசலுக்குப் பக்கத்தில் முதலில் ஏற்ற வைத்திருந்த பெட்டியின் டேப்பைக் கத்தியால் கிழித்தாள். உள்ளே கணவரின் கருவிப் பை இருந்தது. அதைத் திறந்து சற்று நேரம் கையை உள்ளே விட்டபடியே நின்றாள். பிறகு தட்டையான தச்சுப் பென்சில் ஒன்றையும், பழைய டியூபில் வெட்டிய ரப்பர் பட்டையையும் எடுத்து வந்தாள்.

“இது போதுமா பாருங்க.”

பென்சிலைக் கம்பிகளுக்குக் குறுக்கே வைத்து, பல்லக்கா அழுத்திப் பிடிக்க, குட்டி ரப்பரைச் சுற்றி இழுத்துக் கட்டினாள். ஒரு கம்பி வண்டு மாதிரி ரீங்கரித்தது. அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். அழுத்துவது நீயா நானா, இழுப்பது எந்தப் பக்கம் என்று வாக்குவாதம் வந்தது. இப்படித்தான் அன்று குக்கர் மூடியையும் வளைத்தீர்கள் என்றாள் குட்டி. அது உன் வீட்டுக் குக்கர், மூடியும் உன் வீட்டு மூடி என்றாள் பல்லக்கா. மூன்றாம் முறை கட்டு நின்றது.

லாரி வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு கணவர் உள்ளே வந்தார், பின்னாலேயே சுமை தூக்கும் ஆட்கள் இரண்டு பேர். குட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல், அண்ணா கொஞ்சம் உட்காரு என்றாள். உட்கார நாற்காலி இல்லை. மூவரும் வாசலிலேயே நின்றார்கள்.

பல்லக்கா பென்சிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல்களையும் வைத்தாள். குட்டி பாடினாள். குரல் ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் மெட்டு தன் இடத்தில் நின்றது. முதல் வரி இறங்கியது, இரண்டாவது அதைவிட ஆழமாக இறங்கியது. நடுப்பகுதியில் ஏறினாள். அங்கிருந்து மறுபடி கீழே வரும் வளைவில் குரல் உடைந்து நின்றுவிட்டது. கணவர் ஓர் அடி முன்னால் வந்தார். பல்லக்கா தலையை ஆட்டி அவரைத் தடுத்தாள். அவள் வாசிப்பதை நிறுத்தவில்லை. பாட்டை முன்னால் கொண்டுபோகவும் இல்லை. அதே கார்டை, அதே இடத்தில், அவசரமில்லாமல் திரும்பத் திரும்ப வருடிக்கொண்டிருந்தாள். குட்டி மூக்கை உறிஞ்சினாள், தொண்டையைச் செருமினாள், கையால் ஒரு நிமிடம் என்பது போலக் காட்டினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து சேர்ந்துகொண்டாள்.